கொயினாக் காது

ஹலோ... ஹலோ... எக்ஸ்சேஞ்சோ? ஆர், சிவானந்தமோ? நான் ஏழாங்கட்டைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வீரசிங்கம். ... ஓம், ஓம், திரும்பவும் நான்தான். ஆத்துக்கு அங்கால பள்ளத்தோட்டக் கந்தோரை எடுத்துத் தாரும். ... ஞாயிற்றுக்கிழமை எண்டு எனக்கும் தெரியும் தம்பி. அங்கத்தையக் கணக்குப் பாக்கிற பெரிய கிராணி காப்ரியல் கந்தோர் மேசையடியிலதான் இருப்பார். இப்ப கொஞ்ச நாளா வீட்டை விடக் கந்தோரிலதான் கூட நேரம் இருக்கிறாராம். ... எனக்கு என்ன உறவோ? என்ரை தங்கச்சியைக் கட்டினவர். ... எடுக்குமட்டும் அடியும்.

ஹலோ... மச்சானோ? ... நான், வீரசிங்கம். ... வீரசிங்கம்! ... ஓம், உம்மடை பெண்சாதியின்ரை அண்ணன். வேற எத்தினை வீரசிங்கம் இருக்கு உமக்கு? ... ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். அது கிடக்கட்டும். பியாட்ரிசுக்கு எப்பிடி? ... எப்பிடி எண்டு கேட்டனான். ... பியாட்ரிஸ்! காய்ச்சல்! ... சீ, இந்தக் கம்பியிலயும் வெள்ளத் தண்ணி ஏறிப்போச்சுப் போல. கொஞ்சம் கிட்ட வந்து கதையும்.

... ஆர் சொன்னதோ? உங்கட லயத்து ஆக்களை மேய்க்கிற சன்னாசி மண்டோர். கால் முறிஞ்ச ஆள் ஒண்டைக் கடைசிப் படகில இஞ்ச கொண்டு வந்தவர். "அய்யா, உங்க தங்கச்சியம்மா கட்டிலோட சேந்து ஆடுது, சுத்தி நின்னு ஜெபம் பண்றாங்க, மருந்துன்னு ஒண்ணும் குடுக்கல"ண்டு சொன்னார். என்ரை தங்கச்சி சாகக் கிடக்கிறதை நான் மண்டோர் வாயால கேக்க வேண்டிக் கிடக்கு.

... சாகக் கிடக்கேல்லையோ? பின்ன என்னெண்டு சொல்லுறது? ... ஒரு நாள் விட்டு ஒரு நாள். ... முதல் நடுக்கம், பேந்து கொதிக்கிறது, பேந்து வேர்க்கிறது. ஓம் ஓம், மலேரியாவை எனக்குப் படிப்பியாதையும், நான் அதுக்குள்ளதான் நிக்கிறன். இண்டைக்கு வாற நாளோ, விட்ட நாளோ? ... விட்ட நாள். எழும்பி நடக்கிறாளோ? ... அப்ப நாளைக்கு வரும். வயித்தில பிள்ளையோட இன்னும் எத்தினை தரம் தாங்குவாள்?

இரும். ... சின்னத்தாய், அந்த ஆளுக்குத் தண்ணி குடு, நான் வர்றேன்! ... உமக்கில்லை மச்சான், இஞ்ச வார்ட்டில. நிலத்தில பாய் போட்டுக் கிடத்தியிருக்கிறன் சனத்தை.

கேளும். பெரிப் படகு ஓடேல்லை. ஆறு மரத்தையும் மாட்டையும் அடிச்சுக்கொண்டு போகுது. ஒரு மலாய்க்காரனும் சம்பான் தோணி இறக்கமாட்டானாம், கையெடுத்துக் கும்பிட்டுப் பாத்திட்டன். டொக்டரின்ரை கார் துறையடியில நிக்குது, நானும் இக்கரையில நிக்கிறன். அங்க உங்கட கையில இருக்கிறதைத்தான் குடுக்கலாம். தோட்டத்து ஸ்டோரில கொயினா மருந்து இருக்கோ? ... தண்ணி பூந்து கரைஞ்சு போச்சோ. முழுக்கவோ? ... சரி, வீட்டில? நத்தார்ப் பண்டிகைக்கு நான் அனுப்பின மருந்துப் பெட்டி? ... என்ன? ... எங்க எறிஞ்சனீர்? ... வாய்க்காலுக்குள்ளயோ! பெட்டியோடயோ!

... ஜெபக் கூட்டத்துக்கு முன்னால. கை தட்டிச்சினமோ?

... இல்லை, நக்கலடிக்கேல்லை. ... ஓம், நக்கல்தான். வேற என்ன செய்ய?

... யாக்கோபு அஞ்சாம் அதிகாரம். தெரியும். எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லிக் கிடக்கு. பூசுங்கோ, ஜெபியுங்கோ, நான் வேண்டாமெண்டனோ? எண்ணெய் அந்தக் காலத்து மருந்து, மச்சான். வழியில அடிபட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியன் என்ன செய்தவன்? பக்கத்தில முழங்காலில நிண்டு பாட்டுப் படிச்சவனோ? காயத்தில எண்ணெயும் வைனும் வாத்துக் கட்டினவன். ... கட்டினவன்! ... துணியால! ஐயோ, இந்த லைன்!

... ஆசா ராசா. வந்திட்டார் ஆசா ராசா. உங்கட போதகர் அவரை விட்டா வேற ஒருத்தரையும் படிக்கேல்லைப் போல. ஓம், காலில வருத்தம், கர்த்தரை விட்டிட்டு வைத்தியரைத் தேடினார், செத்தார். ரெண்டு வசனம் மேல வாசியும். தீர்க்கதரிசியைப் பிடிச்சுக் காவலில போட்டது ஆர்? அதே ஆசாதான். அவரிலை பிழை அது. எசேக்கியா ராசாவின்ரை கட்டிக்கு அத்திப்பழத்தை அடையாத் தட்டி வைக்கச் சொன்னது ஆர்? ஏசாயா. தீர்க்கதரிசி ஏசாயா என்ன, டிரசரோ?

... விசுவாசம். சரி, விசுவாசம். நீர் வேதம் வாசிக்கேக்கை மூக்கில என்ன கிடக்கு? ... மூக்கில! ... கண்ணாடி! சீனன் கடையில வாங்கின கண்ணாடி! அதையும் வாய்க்காலில எறிஞ்சனீரோ? ... அப்ப கண்ணுக்கு விசுவாசம் வேண்டாம், காய்ச்சலுக்கு மட்டும் வேணும். உங்கட போதகர் கோலா குபு ஊர் வெள்ளத்தில என்ன செய்தவர்? தண்ணியைப் பாத்து நில் எண்டு சொன்னவரோ? கூரையில ஏறி நிண்டு படகுக்குக் கை காட்டினவர் எண்டு நீர்தானே எனக்குச் சொன்னனீர்!

... அது வேறயோ? என்னெண்டு வேற? தேவாலயத்து உச்சியில கொண்டுபோய் நிப்பாட்டி, குதி, தூதர்கள் தாங்குவினம் எண்டு சொன்னது ஆர்? சாத்தான். குதிக்கமாட்டன் எண்டது ஆர்? அதைக் கொஞ்சம் பிரசங்கம் பண்ணச் சொல்லும்.

... உம்மடை சொந்த விசயமோ. உம்மடை உடம்பு, உம்மடை விசுவாசம். நல்லது. நுளம்பு வேதம் வாசிக்கிறதில்லை, மச்சான். உம்மைக் கடிச்ச நுளம்புதான் பக்கத்தில படுத்திருக்கிறவளையும் கடிக்குது. நுளம்புக்குச் சொந்த விசயம், அயலான்ரை விசயம் எண்டு ஒண்டுமில்லை.

... சாட்சி. ... ஓம், உம்மடை சாட்சியைக் கேட்டனான், அது ஆறு அடைக்க முந்தியே இஞ்சத்தைய கூலி லயத்துக்கு வந்திட்டுது. பெரிய கிராணிக்குக் காய்ச்சல், மருந்தை எறிஞ்சார், ஜெபிச்சினம், எழும்பி நிண்டார். இஞ்ச ரெங்கசாமி எண்டு ஒருத்தன், காலமை ஆள் எண்ணுற பெரட்டில வரிசையில நிண்டு, நான் வாயில ஊத்தின கொயினாவை என்ரை சப்பாத்தடியில துப்பினவன். "கிராணி அய்யாவுக்கு வேணாம், எனக்கு மட்டும் என்னாத்துக்குங்க?" எண்டான். முந்தி கொயினா குடுத்த நாளில பெரட்டில ஒவ்வொருத்தன்ரை பேரையும் மூண்டு தரம் கூப்பிட வேணும், அவ்வளவுக்குக் காது இரையும் அவங்களுக்கு. கொயினாக் காது எண்டு அதுக்குப் பேர் வைச்சதே நீர்தானே. இப்ப துப்புறவனுக்கு நல்லாக் காது கேக்குது. காய்ச்சல்தான் ஆளைத் தூக்குது.

... என்ன? ... கேக்கேல்லையோ? எவ்வளவு கத்துறது, தொண்டை கிழியுது! இரும். ... சிவானந்தம்! நிக்கிறீரோ? லைனைக் கொஞ்சம் பாரும் தம்பி, அவருக்கு ஒண்டும் கேக்குதில்லையாம். ... என்ன? ... உமக்கு வடிவாக் கேக்குதோ? ரெண்டு பக்கமுமோ? ... நான் மெதுவாக் கதைச்சாலே கேக்குமோ. ... அவர் கதைக்கிறது தேவைக்கு மிஞ்சியே கேக்குது.

...

ஓம். ஓம், விளங்குது. நீர் லைனில நிக்க வேண்டாம், தம்பி.

மச்சான். ... மச்சான்! போனை எந்தக் காதில வைச்சிருக்கிறீர்? ... மற்றக் காதுக்கு மாத்தும். ... அதிலயும் அப்பிடித்தான். உள்ளுக்குள்ள இரைச்சல். ... எப்பிடி, வண்டு மாதிரியோ? ... கடல் மாதிரி. எழும்பேக்கை தலை சுத்துதோ? ... எப்ப தொடக்கம்?

... சளியோ. மச்சான், சளியெண்டு போதகருக்குச் சொல்லும். நான் டிரசர்.

எத்தினை கோடு குடிக்கிறீர்?

... கொயினா! நான் அனுப்பின கொயினாப் போத்தல்! கடுதாசியில கோடு கீறிப் பக்கத்தில ஒட்டினனான், ஒரு தரத்துக்கு ஒரு கோடு. நீர் எத்தினை கோடு குடிக்கிறீர்?

... கதையும்.

... வையாதையும்! போனை வைச்சீரெண்டா அடுத்தது துரை வீட்டுக்கு அடிப்பன். ... வேண்டாமெண்டாக் கதையும்.

... ஓம். ... ஓம். ... பெட்டியை எறிய முந்தி ஒரு போத்தலை எடுத்து வைச்சனீர். ... பயந்து. ... அந்த நடுக்கம் வந்தா ஆருக்குத்தான் பயம் வராது? அதுக்கு நான் உம்மைக் குறை சொல்லேல்லை. குடிச்சனீர், எழும்பினனீர், உயிரோட இருக்கிறீர். அதோட விட்டிருக்கலாமே! ஏன் மனிசா எழும்பி நிண்டு சாட்சி சொன்னனீர்? ... கொயினாவையும் கர்த்தர்தான் படைச்சவரோ. அதை அங்க சொல்லியிருந்தா நானும் ஆமென் எண்டிருப்பன். அதைச் சொல்லேல்லையே நீர்!

... அனனியாவும் காணி வித்ததில கொஞ்சத்தை எடுத்து வைச்சிட்டுத்தானே, எல்லாம் தந்திட்டன் எண்டவன். நீரும் எல்லாம் எறிஞ்சிட்டன் எண்டனீர். ... அழாதையும். அவன்ரை பெண்சாதி சப்பீராளுக்கெண்டாலும் விசயம் தெரிஞ்சிருந்தது. என்ரை தங்கச்சிக்குத் தெரியாது. அவரை எழுப்பின கர்த்தர் என்னையும் எழுப்புவார் எண்டு கிடக்கிறாள். எழுப்பேல்லையெண்டா என்ன நினைப்பாள்? தன்ரை விசுவாசம் போதாது எண்டு நினைப்பாள். ... அப்பிடியே சொன்னவளோ? ... தன்னில ஏதோ பாவம் இருக்கெண்டு. ... நீர் அதுக்கு என்ன சொன்னனீர்?

... பேசாமல் இருந்தனீர்.

...

இல்லை, நிக்கிறன். போத்தலில எத்தினை கோடு மிச்சம்? ... அரைவாசிக்கு மேல. அது போதும். ஆறு வடியுமட்டும் அவளுக்குக் காணும். நீர் இனி அதைத் தொடாதையும், உமக்கு ஏற்கெனவே அளவுக்கு மேல. ஆத்துக்கு அங்கால இப்ப கொயினா எண்டு இருக்கிறது உந்த ஒரு போத்தல்தான். விளங்குதோ? ... ஒண்டுதான்!

... கோப்பியில கலந்தோ? ... கொயினாவை எந்தக் கோப்பியில ஒளிப்பீர்? ஒரு சாக்குச் சீனி போட்டாலும் நாக்குக் காட்டிக் குடுத்திடும். ... ஓம், நானும் யோசிச்சனான். பொய் சொல்லேல்லை, எனக்கும் முதல் அதுதான் வந்தது. ஆனால் திரும்பத் திரும்பக் குடுக்க வேணும், மச்சான். அவள் என்ன, சின்னப் பிள்ளையோ, மூக்கைப் பொத்தி ஊத்த? போம். போய்ச் சொல்லும் அவளுக்கு.

... பின்னேரமோ? கூட்டம் வீட்டுக்கு வருதோ, அவளுக்காக ஜெபிக்க? போதகருமோ? ... ஆறு அடைச்சு அவரும் அங்கதான் நிக்கிறாரோ. நல்லாயிருக்கு. ... மானம். ... ஓம், போகும். உம்மடை மானம் போகும்தான். அதுக்கு என்னட்டை மருந்தில்லை.

... மச்சான், மெதுவா. ... மெதுவாக் கதையும்! நீர் குசுகுசுக்கிறன் எண்டு நினைச்சுக் கத்துறீர். காது அடைச்சவன் எல்லாரும் இப்பிடித்தான். உங்கட வீடு கந்தோருக்குப் பக்கத்திலதானே? ... சன்னல் திறந்து கிடக்கோ? ... போத்தலை எடுத்து வைச்சதெல்லாம் இவ்வளவு சத்தத்திலயோ சொன்னனீர்? ... மச்சான்? ... கதவடியில ஆர்?

ஹலோ... ஹலோ... யாரு, வீட்ல வேலை செய்யுற தாயம்மாவா? நான் டிரசர் பேசுறேன். ... ஆமா, ஆமா. பியாட்ரிஸ் அம்மா நடந்தே வந்துட்டாங்களா? ... உன் தோளைப் பிடிச்சுக்கிட்டு. ... எல்லாம் கேட்டுச்சா? ... அடுப்படி வரைக்குமா! ... சரி, அழுவாத. அம்மாவை நாற்காலியில உக்கார வச்சு போனைக் கையில குடு. நீ பக்கத்துலயே நில்லு. போயிறாத.

பிள்ளை. ... ஓம், அண்ணாதான். ... இல்லை, கத்தேல்லை. உனக்குக் கேக்கும்தானே.

... ஓம். ... ஓம், மெய்தான். நான் மாத்திச் சொல்ல என்ன கிடக்கு? நீயே கேட்டிட்டாய்.

... இப்ப அவரைப் பாத்துக்கொண்டிராதை. இஞ்ச கேள். நாளைக்குத் திரும்ப வரும். அதுக்கு முந்தி நீ குடிக்க வேணும்.

... ஓம், உன்ரை விசுவாசம் உன்ரைதான். அவர் பொய் சொன்னதுக்காகக் கர்த்தர் பொய்யாகமாட்டார், அதை நானும் ஒத்துக்கொள்ளுறன். ஆனால் நீ எதைப் பாத்து மருந்தை விட்டனீ? அவர் எழும்பினதைப் பாத்துத்தானே? அவரை எழுப்பினது அந்தப் போத்தல், பிள்ளை.

... இல்லையோ? ... அதுக்கு முந்தியே விட்டிட்டியோ?

...

... ஓம். போன வருசம். ... நான்தான் கொயினா தந்தனான், ஓம். என்ரை கையால. ... ஞாபகம் இருக்கு. கலைஞ்சது பெண்குழந்தை.

... பிள்ளை, காய்ச்சல் தானாகவே கருவைக் கலைக்கும். கொயினா ஒரு சொட்டும் நாக்கில படாத பெண்டுகளை இந்த வார்ட்டில... ... ஓம். ஓம், கொயினாவும் சிலபேருக்கு அப்பிடிச் செய்யுமெண்டு சொல்லுகினம்தான். ... உனக்குச் செய்தது எதெண்டோ?

தெரியாது.

... எனக்குத் தெரியாது, பிள்ளை. டொக்டரையும் கேட்டனான், அவருக்கும் தெரியாது. காய்ச்சல் கூடப் பேரைக் கொல்லுது, கொயினா குறையப் பேரைக் கொல்லுது. எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சத்துக்கு ஜெபம் பண்ணு. நானும் பண்ணுறன். குடிச்சிட்டுப் பண்ணு.

... இல்லை, கட்டாயப்படுத்தேல்லை. என்னெண்டு கட்டாயப்படுத்துறது? ஆத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறன், வாய் மட்டுந்தான் இருக்கு. ... சின்னத்தாய், பொறு! ஒரு நிமிசம்! ... சொல்லு பிள்ளை. ... அழுறாரோ? அழட்டும். ஒருத்தரும் அழுது செத்ததில்லை.

... என்ன? ... ஒளிச்சுக் குடிக்கமாட்டாய். சரி, ஆர் உன்னை ஒளிக்கச் சொன்னது? ... பின்னேரம். ... கூட்டத்துக்கு முன்னாலயோ? வாசலில, எல்லாரும் பாக்கவோ? ... அவர்தான் ஊத்தித் தர வேணும். ... தான் என்ன செய்தவர் எண்டு சொல்லிப்போட்டு ஊத்தித் தர வேணும். ... பிள்ளை, அங்க போதகர் நிக்கிறார். லயத்துச் சனம் முழுக்க வரும். இவ்வளவு நாளும் பெரட்டில அவருக்கு முன்னால கை கட்டி நிண்ட சனம்... ... ஓம். ... ஓம், அந்தச் சனமும்தான் அவரை நம்பித் துப்பினது. அவங்கட வீட்டிலயும் குழந்தைகள் கிடக்குதுகள். ... ஓம், நீ சொல்லுறது சரி. ஆனால் உந்தப் போத்தல் உனக்கு. கேட்டியோ? தூக்கி மற்றவைக்குக் குடுக்காதை. பெரி ஓடினதும் அவங்களுக்கு நான் கொண்டு வாறன்.

... அவர் மாட்டன் எண்டா? ... அப்ப நீயும் குடிக்கமாட்டியோ! பியாட்ரிஸ், உந்தப் பிடிவாதம்... வயித்தில இருக்கிறது என்ன பாவம் செய்தது? ... சரி. சரி, நான் வாயை மூடுறன்.

... ஒரு கோடு. ஒண்டுதான். வெறுவயித்தில வேண்டாம், கஞ்சி குடிச்சிட்டுக் குடி, இல்லாட்டிச் சத்தி எடுப்பாய். பேந்து உனக்கும் காது இரையும், பயப்பிடாதை.

... போத்தல் எங்கையோ? எனக்கென்ன தெரியும்? அவரைக் கேள். ... ஓம், இப்பவே கேள். ... பிள்ளை? ... ஹலோ? ... ஹலோ?

... போனைக் கொழுவேல்லை. மேசையில வைச்சிட்டாள்.

... ஆர்? சிவானந்தமோ? நீர் இன்னும் நிக்கிறீரோ? வேண்டாமெண்டு சொன்னனான். ... இல்லை, வெட்டாதையும். பொறும். கேக்குது. ... "இஞ்சருங்கோ" எண்டு கூப்பிடுறாள். ... அவருக்குக் கேக்கேல்லை. அங்கால திரும்பி நிக்கிறார் போல. ... திரும்பவும் கூப்பிடுறாள். சத்தமாத்தான். ... ஒண்டும் இல்லை.

...

சிவானந்தம், பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் என்ரை தங்கச்சி புருசன்ரை பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "காப்ரியல்" எண்டாள்.

... ஓம். இப்ப கேட்டிட்டுது அவருக்கு. ... நடக்கிறார். ... சாவி. ... கந்தோர் மேசையிலதான் பூட்டி வைச்சிருக்கிறார், பாரும். இவ்வளவு நேரமும் அதுக்கு மேல கையை வைச்சுக்கொண்டுதான் என்னோட கதைச்சவர். ... மேசை லாச்சி இழுபடுது.

... ஓம். போத்தலைத் தூக்கி மேசையில வைக்கிற சத்தம்.

இப்ப வெட்டும்.